ஒட்டோ லோவி: நரம்பின் இரசாயனத் தூதைக் கண்டறிந்தவர்

மாணவர்களே,

பரீட்சை மண்டபத்தினுள் நுழையும்போது உங்கள் உள்ளங்கை வியர்க்கிறது. நெஞ்சு படபடக்கிறது. வாய் உலர்கிறது. இவற்றுள் எதனையும் நீங்கள் விரும்பிச் செய்வதில்லை. வேண்டாமென்று நினைத்தாலும் நிறுத்த முடிவதில்லை. உங்கள் இச்சைக்குக் கட்டுப்படாமல் இவற்றை நடத்துவது தன்னாட்சி நரம்புத் தொகுதி ஆகும்.

இத்தொகுதி பரிவு நரம்புத் தொகுதி, பரபரிவு நரம்புத் தொகுதி என இரு பகுதிகளைக் கொண்டது என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். பரிவு நரம்புகள் இதயத்துடிப்பைக் கூட்டும், கண்மணியை விரிக்கும், உமிழ்நீரைக் குறைக்கும். பரபரிவு நரம்புகள் இதயத்துடிப்பைக் குறைக்கும், கண்மணியைச் சுருக்கும், உமிழ்நீரையும் சமிபாட்டுச் சாறுகளையும் கூட்டும். பலர் இதனை ஓர் அட்டவணையாக மனனம் செய்துவிட்டு அடுத்த அலகுக்குச் சென்றுவிடுவர். ஆனால் ஒரு கேள்வியை இங்கே நின்று கேட்க வேண்டும். இரண்டும் நரம்புகளே. இரண்டிலும் செல்வது ஒரே விதமான கணத்தாக்கமே. அவ்வாறிருக்க, ஒரே இதயத்தை ஒன்று விரைவுபடுத்துவதும் மற்றையது தாமதப்படுத்துவதும் எவ்வாறு?

இக்கேள்விக்கு இரண்டு தவளை இதயங்களைக் கொண்டு விடை கண்டவர் ஒட்டோ லோவி. அவரது வாழ்க்கையை அறிந்தால் அந்த அட்டவணையை மனனம் செய்யத் தேவையிராது. அது தானாகவே விளங்கும்.

1. இளமைக் காலம்

ஒட்டோ லோவி 1873ஆம் ஆண்டு யூன் 3ஆம் திகதி ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் ஒரு யூத வணிகக் குடும்பத்திற் பிறந்தார். பாடசாலையில் இலத்தீன், கிரேக்கம் முதலிய மொழிப் பாடங்களில் நல்ல புள்ளிகளைப் பெற்றார். கணிதமும் பௌதிகவியலும் அவருக்கு இலகுவாக வரவில்லை. கலை வரலாறு கற்க வேண்டும் என்பதே அவரது விருப்பமாக இருந்தது. குடும்பத்தாரோ வைத்தியத்துறையை வற்புறுத்தினர். அவர்களது சொற்படி 1891இல் வைத்திய மாணவராகப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். ஸ்ராஸ்பேர்க்கிலும் மியூனிச்சிலும் அவரது படிப்பு நடைபெற்றது.

சேர்ந்தாரேயொழிய மனம் அங்கு நிற்கவில்லை. வைத்திய விரிவுரைகளைத் தவிர்த்துவிட்டு, மெய்யியல், கலை வரலாறு ஆகிய விரிவுரைகளுக்குச் சென்று அமர்ந்தார். இதன் விளைவு 1893இல் தெரிந்தது. வைத்தியப் படிப்பின் முதலாவது பெரிய பரீட்சையில் அவர் மயிரிழையிலேயே சித்தியடைந்தார். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ஒருவரின் முதற் பரீட்சைப் பெறுபேறு இதுவாகும். ஆனால் இதைப் படித்துவிட்டு, படிக்காமலிருந்தாலும் பெரியவராகலாம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அவர் அதன்பின் கடுமையாக உழைத்தார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. 1896இல் ஸ்ராஸ்பேர்க்கில் வைத்தியப் பட்டம் பெற்றார். பட்டத்துக்கான ஆய்வில் உடலிலிருந்து பிரித்தெடுத்த தவளை இதயத்தின்மீது மருந்துகளின் தாக்கத்தை ஆராய்ந்தார். அன்று கைப்பழக்கமான அந்தத் தவளை இதயமே கால் நூற்றாண்டின் பின் அவருக்குக் கைகொடுத்தது.

2. வைத்தியசாலையிலிருந்து ஆய்வுகூடத்துக்கு

பட்டம் பெற்ற பின் பிராங்பேர்ட் நகர வைத்தியசாலையில் உதவி வைத்தியராகப் பணியாற்றினார். காசநோயும் நுரையீரல் அழற்சியும் பிடித்தவர்கள் வரிசை வரிசையாக இறந்துகொண்டிருந்தனர். அக்காலத்தில் நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் இல்லை. வைத்தியர் நோயாளியின் கட்டிலருகே நின்று பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அதிகம் செய்ய முடியாதிருந்தது. இதனைக் கண்டு மனம் நொந்த லோவி, நோயாளரைப் பார்க்கும் தொழிலை விட்டு, மருந்துகள் உடலில் எவ்வாறு தொழிற்படுகின்றன என ஆராயும் மருந்தியல் துறைக்குச் செல்ல முடிவு செய்தார்.

1898இல் மார்பேர்க் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் ஹோஸ்ட் மேயர் என்ற பேராசிரியரின் உதவியாளரானார். 1902இல் அவர் வெளியிட்ட ஓர் ஆய்வு அவருக்குப் பெயர் தேடித் தந்தது. புரதத்தை முற்றாக உடைத்து அதன் சிறு கூறுகளாகக் கொடுத்தாலும், விலங்கு அவற்றிலிருந்து தன் உடலுக்குரிய புரதத்தை மீள ஆக்கிக்கொள்ளும் என அவர் காட்டினார். அமினோவமிலங்களிலிருந்து உடற்புரதம் தொகுக்கப்படுகிறது என்று நீங்கள் இன்று ஒரு வரியில் எழுதும் விடையின் பின்னால் இத்தகைய ஆய்வுகள் உள்ளன.

அக்காலப்பகுதியில் அவர் இங்கிலாந்துக்கும் சென்றார். இலண்டனில் ஸ்ராலிங் என்பவரின் ஆய்வுகூடத்தில் ஹென்றி டேல் என்ற இளம் ஆய்வாளரைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பு வாழ்நாள் நட்பாக மாறியது. 1905இல் மேயருடன் வியன்னாவுக்குச் சென்றார். 1908இல் குயிடா கோல்ட்ஷ்மிட் என்பவரை மணந்தார். மூன்று ஆண்பிள்ளைகளும் ஒரு பெண்பிள்ளையும் பிறந்தனர். 1909இல் ஒஸ்ரியாவின் கிராஸ் பல்கலைக்கழகத்தில் மருந்தியற் பேராசிரியரானார். அடுத்த 29 ஆண்டுகள் அதுவே அவரது இடமாயிற்று.

3. அக்காலத்தின் பெரிய வினா

நரம்பின் வழியே மின்சார மாற்றமாகக் கணத்தாக்கம் செல்கிறது என்பது அப்போது தெரிந்திருந்தது. நரம்பு முடிவடையும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதே புரியாதிருந்தது. மின்சாரமே நேரடியாகத் தசைக்குத் தாவுகிறது எனப் பெரும்பாலானோர் கருதினர். ஆனால் அக்கருத்தில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. ஒரே வகையான மின்சாரம் ஓர் உறுப்பை ஒரு முறை தூண்டுவதையும் இன்னொரு முறை தடுப்பதையும் அதனால் விளக்க முடியவில்லை.

1904இல் கேம்பிறிட்ஜில் எலியற் என்ற இளைஞர், பரிவு நரம்பின் முடிவில் அதிரினலின் போன்ற ஒரு பொருள் வெளிவரக்கூடும் என்ற கருத்தை முன்வைத்தார். லோவியின் மனத்திலும் 1903இல் இதையொத்த எண்ணம் தோன்றி, ஒரு நண்பருடன் அதைப் பேசியுமிருந்தார். ஆனால் அதனைச் சோதிக்க வழி தெரியவில்லை. சோதிக்க முடியாத எண்ணம் மெல்ல மறந்துபோயிற்று.

4. ஒரு கனவும் ஒரு பரிசோதனையும்

ஏறத்தாழ 17 ஆண்டுகள் கழிந்தன. 1920ஆம் ஆண்டளவில், உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய இரவு, லோவி தூக்கத்திலிருந்து விழித்து ஒரு சிறு தாளில் எதையோ கிறுக்கிவிட்டு மீண்டும் உறங்கினார். காலையில் எழுந்து பார்த்தபோது முக்கியமான ஒன்றை எழுதியது நினைவிருந்தது. தாளிலிருந்த எழுத்தை அவராலேயே வாசிக்க முடியவில்லை. அன்று பகல் முழுவதும் யோசித்தும் பயனில்லை. மறுநாள் அதிகாலை 3 மணியளவில் அதே எண்ணம் திரும்பவும் வந்தது. இம்முறை அவர் எழுதி வைக்கவில்லை. உடனே எழுந்து ஆய்வுகூடத்துக்குச் சென்றார்.

அவர் செய்த பரிசோதனையைப் படிமுறையாகப் பாருங்கள்.

(அ) இரண்டு தவளைகளின் இதயங்களைப் பிரித்தெடுத்தார். முதலாவது இதயத்துடன் அதன் வேகசு நரம்பு இணைந்திருந்தது. இது பரபரிவு நரம்பாகும். இரண்டாவது இதயத்தில் நரம்பு நீக்கப்பட்டிருந்தது.

(ஆ) இரண்டையும் உப்புக் கரைசலால் நிரப்பினார். றிங்கர் கரைசல் எனப்படும் இக்கரைசலில் இதயம் உடலுக்கு வெளியேயும் தொடர்ந்து துடிக்கும்.

(இ) முதலாவது இதயத்தின் வேகசு நரம்பைச் சில நிமிடங்கள் மின்னாற் தூண்டினார். அதன் துடிப்புக் குறைந்தது.

(ஈ) அந்த இதயத்தினுள் இருந்த கரைசலை எடுத்து இரண்டாவது இதயத்துக்கு இட்டார். நரம்பே இல்லாத அந்த இதயத்தின் துடிப்பும் குறைந்தது.

(உ) பின்னர், துடிப்பைக் கூட்டும் நரம்பைத் தூண்டிக் கரைசலை மாற்றினார். இரண்டாவது இதயம் விரைவாகத் துடித்தது.

இரண்டாவது இதயத்துக்கு எந்த நரம்பும் மின்சாரத்தைக் கொண்டுவரவில்லை. அதற்குக் கிடைத்தது கரைசல் மாத்திரமே. ஆகவே நரம்பின் செய்தியைச் சுமந்து சென்றது கரைசலிற் கரைந்திருந்த ஓர் இரசாயனப் பொருளாகும். வேகசு நரம்பின் பொருள் ஒன்று, விரைவுபடுத்தும் நரம்பின் பொருள் வேறொன்று. கணத்தாக்கம் ஒன்றாயினும் தூது வெவ்வேறாக இருப்பதால் விளைவும் வெவ்வேறாகிறது. இந்த ஆய்வுக்கட்டுரை 1921இல் வெளியாயிற்று.

இவ்வரலாற்றைக் கேட்ட பலர் கனவு கண்டால் கண்டுபிடிப்பு வரும் என்று எண்ணுகின்றனர். அது சரியன்று. 17 ஆண்டுகளுக்கு முன்பே வினா அவரிடம் இருந்தது. தவளை இதயத்தைக் கையாளும் திறன் மாணவப் பருவத்திலேயே வந்துவிட்டது. கனவுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு தேவைக்காக, இதயத்திலிருந்து கரைசலுக்குப் பொருள் வெளிவருகிறதா எனப் பார்க்கும் முறையையும் அவர் கையாண்டிருந்தார். வினாவும் முறையும் தனித்தனியே இருந்தன. அந்த இரவு அவை ஒன்றுசேர்ந்தன.

5. ஐயமும் நிரூபணமும்

மற்றைய ஆய்வாளர் இதனை உடனே ஏற்கவில்லை. சிலர் அதே பரிசோதனையைச் செய்தபோது அதே பேறு கிடைக்கவில்லை. தவளையின் இனம், ஆண்டின் பருவம், அறையின் வெப்பநிலை என்பவற்றுக்கேற்பப் பேறு மாறியது. லோவி சினங்கொள்ளவில்லை. பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தார். 1926இல் ஸ்ரொக்கோம் நகரில் நடைபெற்ற சர்வதேச உடற்றொழிலியல் மாநாட்டில், கூடியிருந்த அறிஞர்களின் முன்னிலையில் அதனைச் செய்து காட்டினார். ஒரு பேறு விஞ்ஞானத்தில் இடம்பெற வேண்டுமாயின் அது மீளச் செய்து காட்டக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணமாகும்.

6. தூதை அழிக்கும் நொதியம்

லோவியின் கண்டுபிடிப்புகளில் மாணவர் பெரும்பாலும் தவறவிடும் பகுதி இதுவே. ஆனால் கருத்தளவில் இதுவே ஆழமானது.

வேகசு நரம்பைத் தூண்டுவதை நிறுத்தியதும் இதயம் விரைவிலேயே பழைய துடிப்புக்குத் திரும்புகிறது. வெளியான இரசாயனப் பொருள் அங்கேயே தங்கியிருந்தால் இதயம் தாமதமாகவே துடித்துக்கொண்டிருக்கும் அல்லவா? ஆகவே அப்பொருளை ஏதோ ஒன்று அழிக்கிறது. 1926இல் லோவியும் அவருடன் பணியாற்றிய நவ்ராற்றில் என்பவரும் இதனை ஆராய்ந்தனர். தவளை இதயத்தின் சாற்றை வேகசுப் பொருளுடன் சேர்த்தபோது அப்பொருளின் தாக்கம் மறைந்தது. சாற்றை முதலில் வெப்பமாக்கினால் அதன் அழிக்கும் திறன் அற்றுப்போயிற்று. வெப்பத்தால் தொழிற்பாட்டை இழப்பது நொதியத்தின் இயல்பு என்பதை நீங்கள் அறிவீர்கள். எனவே அழிப்பது ஒரு நொதியமே என அவர்கள் முடிவு செய்தனர். கோலினெசுத்தரேசு என இன்று அழைக்கப்படும் நொதியம் இதுவாகும்.

எசரின் என்ற மருந்தைச் சிறிதளவு சேர்த்தால் இந்த நொதியம் தடுக்கப்படும் என்பதையும் அவர்கள் கண்டனர். அப்போது வேகசுப் பொருள் அழியாமல் நீடித்து, அதன் விளைவும் நீடித்தது. ஒரு மருந்து நொதியமொன்றைத் தடுப்பதன் மூலமே தொழிற்படலாம் என்பது இதனால் தெளிவாயிற்று. 1934இல் இங்கிலாந்தில் மேரி வோக்கர் என்ற வைத்தியர், தசைகள் விரைவிற் களைத்து வலுவிழக்கும் ஒரு நோய்க்கு இதே எசரினைக் கொடுத்து நோயாளி தற்காலிகமாக வலுப்பெறுவதைக் காட்டினார்.

இதே நொதியத்துடன் தொடர்புள்ள இன்னொரு செய்தி நமது வயல்களுக்குரியது. ஒகனோபொசுபேற்று வகைப் பீடைநாசினிகள் கோலினெசுத்தரேசைத் தடுப்பவை. காப்பின்றித் தெளிப்பவரின் தோல் வழியாகவோ சுவாசத்தின் வழியாகவோ அவை உட்சென்றால், தூதுப் பொருள் அழியாமல் தேங்கும். அப்போது கண்மணி சுருங்கும், எச்சில் வடியும், வியர்வை பெருகும், துடிப்புக் குறையலாம், மூச்செடுப்பது கடினமாகும். அறிகுறிகளின் இந்தப் பட்டியலைப் பரபரிவு நரம்புகளின் தொழிற்பாட்டு அட்டவணையுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். உங்கள் வீட்டில் மருந்து தெளிப்பவர் இருந்தால், முகமூடியும் கையுறையும் அணியவும், தெளித்த பின் சவர்க்காரமிட்டுக் குளிக்கவும் ஏன் வேண்டும் என்பதை நீங்களே அவருக்கு விளக்கலாம். அறிகுறி தோன்றினால் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

7. நண்பர் இருவருக்கு ஒரு பரிசு

லோவி கண்ட வேகசுப் பொருள் யாது? ஹென்றி டேல் 1914இலேயே அசற்றைல்கோலின் என்ற சேர்வையின் தாக்கங்களை ஆராய்ந்திருந்தார். அவை பரபரிவு நரம்பைத் தூண்டுவதன் விளைவை ஒத்திருந்தன. ஆனால் அச்சேர்வை விலங்குடலில் இயற்கையாக இருப்பது அப்போது தெரியாது. 1929இல் டேலும் டட்லியும் மாடு, குதிரை ஆகியவற்றின் மண்ணீரலிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தனர். வேகசுப் பொருள் அசற்றைல்கோலினே என்பது உறுதியாயிற்று. கோலினெசுத்தரேசு அதனைக் கோலினாகவும் அசற்றிக்கமிலமாகவும் உடைக்கிறது.

தவளை இதயத்தை விரைவுபடுத்தும் பொருள் அதிரினலின் என லோவி 1936இல் முடிவு செய்தார். பாலூட்டிகளின் பரிவு நரம்புகளில் அதற்கு நெருங்கிய உறவான நோரதிரினலினே தூதாக உள்ளது என்பதைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர் பொன் இயூலர் 1946இற் காட்டினார். இந்த வேறுபாட்டை மறந்துவிட வேண்டாம்.

1936ஆம் ஆண்டு உடற்றொழிலியல் அல்லது மருத்துவத்துக்கான நோபல் பரிசு லோவிக்கும் டேலுக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது.

8. சிறையும் ஒரு தபாலட்டையும்

1938 மார்ச் மாதம் ஜேர்மனியின் நாசிப் படைகள் ஒஸ்ரியாவைக் கைப்பற்றின. 11ஆம் திகதி இரவு, ஆயுதம் தாங்கியவர்கள் லோவியின் வீட்டினுள் நுழைந்து அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பிக் கொண்டுசென்றனர். அவர் யூதர் என்பதே காரணம். இரண்டு மகன்மாரும் கைதுசெய்யப்பட்டனர். அப்போது அவருக்கு வயது 64.

தாம் கொல்லப்படலாம் என அவர் எண்ணினார். அந்நிலையில் அவரை வருத்திய ஒன்று, அண்மையிற் செய்து முடித்த ஆய்வின் பேறு இன்னும் எங்கும் வெளியாகவில்லை என்பதாகும். காவலர் ஒருவரிடம் கேட்டு ஒரு தபாலட்டையைப் பெற்றார். ஆய்வின் பேற்றை அதில் சுருக்கமாக எழுதி, ஒரு விஞ்ஞான இதழுக்கு அனுப்பும்படி வேண்டினார். அதை அனுப்பிய பின்பே அவரது மனம் ஆறியது.

பின்னர் விடுதலை கிடைத்தது. ஆனால் அதற்கு விலை இருந்தது. சுவீடன் வங்கியில் இருந்த நோபல் பரிசுப் பணத்தை நாசிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வங்கிக்கு மாற்றும்படி பணிக்கப்பட்டார். வீடு, தொழில், சேமிப்பு யாவற்றையும் இழந்து 1938 செப்ரெம்பரில் நாட்டைவிட்டு வெளியேறினார். மனைவி உடன் வர அனுமதிக்கப்படவில்லை.

9. புதிய நாட்டில்

முதலில் இலண்டனுக்குச் சென்றார். பின் பிரசல்ஸ், ஒக்ஸ்போர்ட் ஆகிய இடங்களிற் பணியாற்றினார். 1940இல் நியூயோர்க் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஆய்வுப் பேராசிரியராக இடம் கிடைத்தது. அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கும் வேளையில் தமது வைத்திய அறிக்கையை அவர் பார்க்க நேர்ந்தது. முதுமையால் தளர்ந்தவர், உழைத்துச் சீவிக்க இயலாதவர் என்ற பொருளில் அதில் எழுதப்பட்டிருந்தது. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என அஞ்சினார். நல்லவேளையாக, அதிகாரி அதனைப் பொருட்படுத்தாமல் அவரை உள்ளே விட்டார். அந்த அறிக்கை பொய்த்தது. அதன் பின்னும் அவர் பல ஆண்டுகள் ஆய்விலும் கற்பித்தலிலும் ஈடுபட்டார்.

மனைவி 1941இல் வந்து சேர்ந்தார். 1946இல் லோவி அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். கோடைக்காலங்களில் வூட்ஸ் ஹோல் என்ற கடலோர ஊரிலுள்ள உயிரியல் நிலையத்துக்குச் சென்று இளம் ஆய்வாளர்களுடன் உரையாடுவது அவரது வழக்கமாக இருந்தது. இசையையும் ஓவியத்தையும் அவர் கடைசிவரை விரும்பினார். 1961 திசெம்பர் 25ஆம் திகதி, 88ஆவது வயதில் நியூயோர்க்கிற் காலமானார்.

10. லோவிக்குப் பின்: வளரும் உடலில் மாறும் நொதியங்கள்

லோவியின் பணியிலிருந்து ஒரு புதிய வினா எழுந்தது. பரிவு நரம்புக்கலம் நோரதிரினலினை ஆக்குகிறது. வேகசு நரம்புக்கலம் அசற்றைல்கோலினை ஆக்குகிறது. எதை ஆக்குவது என்பதை நரம்புக்கலத்தினுள் இருக்கும் நொதியங்களே தீர்மானிக்கின்றன. தைரோசின் ஐதரொட்சிலேசு இருந்தால் நோரதிரினலின் ஆக்கத்தின் முதற்படி நடக்கும். கோலின் அசற்றைல்திரான்சுபெரேசு இருந்தால் அசற்றைல்கோலின் ஆக்கப்படும். அப்படியானால் இந்த நொதியங்கள் பிறக்கும்போதே நிலையாக அமைந்துவிடுகின்றனவா? அல்லது உடல் வளரும்போது மாறுகின்றனவா?

எலி, சுண்டெலி போன்ற சிறு பாலூட்டிகளின் குட்டிகளில் இது ஆராயப்பட்டது. கிடைத்த விடைகளை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, நொதியங்களின் அளவு பிறந்த பின்னும் உயர்கிறது. சுண்டெலியின் கழுத்திலுள்ள பரிவு நரம்புத் திரட்டில், பிறந்த பின் முதல் சில வாரங்களில் தைரோசின் ஐதரொட்சிலேசு பல மடங்கு அதிகரிக்கிறது. முண்ணாணிலிருந்து அத்திரட்டுக்கு வரும் நரம்பைக் குட்டிப்பருவத்தில் வெட்டிவிட்டால் இந்த உயர்வு ஏற்படுவதில்லை. பிளாக், ஹென்ட்ரி, ஐவர்சன் ஆகியோர் 1971இல் இதனைக் காட்டினர். அதாவது நரம்புக்கலம் முதிர்ச்சியடைய, தனக்கு முன்னுள்ள நரம்புக்கலத்தின் தொடர்பு அவசியமாகும்.

இரண்டாவது, இலக்கு இழையங்களிலிருந்து வரும் பதார்த்தங்களும் நொதியங்களைப் பாதிக்கின்றன. ரீற்றா லெவி மொன்ரால்சினி கண்டறிந்த நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதம், பரிவு நரம்புக்கலங்களில் தைரோசின் ஐதரொட்சிலேசைக் கூட்டும் என்பது 1971இல் தெளிவாயிற்று.

மூன்றாவது விடையே எல்லாவற்றிலும் வியப்பானது. நரம்புக்கலம் தன் நொதியத்தையே மாற்றிக்கொள்ளக்கூடியது. இக்கட்டுரையின் தொடக்கத்தில் உங்கள் உள்ளங்கை வியர்வையைக் குறிப்பிட்டோம். வியர்வைச் சுரப்பிக்குச் செல்வது பரிவு நரம்பு. ஆனால் அது வெளிவிடுவதோ அசற்றைல்கோலின். டேலும் பெல்ட்பேர்க்கும் 1934இல் பூனையின் பாதத்தில் இந்த விதிவிலக்கைக் கண்டனர். இது எவ்வாறு நேர்ந்தது? எலிக்குட்டியின் பாதத்துக்கு முதலில் வந்து சேரும் பரிவு நரம்புகள் ஏனையவை போல நோரதிரினலினையே கொண்டிருக்கின்றன. பிறந்து ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குள் நோரதிரினலின் மறைந்து, கோலின் அசற்றைல்திரான்சுபெரேசு தோன்றுகிறது. ஸ்ரோறி லான்டிஸ் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியோரும் 1980களில் இதனை விளக்கினர். வியர்வைச் சுரப்பியுள்ள பாதத்தோலை உரோமமுள்ள தோற்பகுதியில் ஒட்டியபோது, அங்குள்ள பரிவு நரம்புகளும் இவ்வாறே மாறின. மாற்றத்தைத் தூண்டுவது சுரப்பியே என்பது இதனால் நிரூபணமாயிற்று.

1976இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் பேர்ஷ்பானும் அவரது குழுவினரும் இன்னொன்றைக் கண்டனர். பிறந்த எலிக்குட்டியின் ஒரேயொரு பரிவு நரம்புக்கலத்தை இதயத் தசைக்கலங்களின் நடுவே வளர்த்தபோது, சில நரம்புக்கலங்கள் இதயத் தசையை முதலில் தாமதப்படுத்திப் பின் விரைவுபடுத்தின. லோவி இரண்டு வெவ்வேறு நரம்புகளிற் கண்ட இரு விளைவுகளையும், மாற்றத்தின் இடைவழியில் நின்ற ஒரே நரம்புக்கலம் செய்து காட்டியது.

ஆகவே மாணவர்களே, நரம்பு என்பது மாறாத கம்பியன்று. அது என்ன தூதை அனுப்பும் என்பது அதனுள் உள்ள நொதியங்களில் தங்கியுள்ளது. எந்த நொதியம் எவ்வளவு இருக்கும் என்பது, வளரும் காலத்தில் அந்த நரம்புக்கலம் யாருடன் தொடர்புகொள்கிறது என்பதிலும் தங்கியுள்ளது. தூது வேலை முடித்ததும் அதனை அகற்றுவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. வேகசு நரம்பில் அவ்வேலையைச் செய்யும் நொதியத்தை முதலில் எமக்குக் காட்டியவர் லோவியே.

நினைவிற் கொள்க

• நரம்பு முடிவிலிருந்து இலக்கு உறுப்புக்குச் செய்தி இரசாயனப் பொருளாகச் செல்லும்.
• பரபரிவு நரம்பு முடிவில் வெளியாவது அசற்றைல்கோலின்.
• பாலூட்டியின் பரிவு நரம்பு முடிவில் பெரும்பாலும் வெளியாவது நோரதிரினலின். வியர்வைச் சுரப்பி விதிவிலக்கு.
• அசற்றைல்கோலினை உடைக்கும் நொதியம் கோலினெசுத்தரேசு.
• வளரும் பாலூட்டியின் பரிவு நரம்புக்கலங்களில் நொதியங்களின் அளவும் வகையும் மாறலாம்.

கால வரிசை

1873 – பிறப்பு
1896 – வைத்தியப் பட்டம்
1909 – கிராஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர்
1921 – தவளை இதயப் பரிசோதனை வெளியீடு
1926 – தூதை அழிக்கும் நொதியம் பற்றிய ஆய்வு
1936 – நோபல் பரிசு
1938 – கைதும் நாடு நீங்கலும்
1940 – அமெரிக்கா செல்லல்
1961 – மறைவு

பயிற்சி வினாக்கள்

1. லோவியின் பரிசோதனையில் இரண்டாவது இதயத்தின் நரம்பு நீக்கப்பட்டமைக்குக் காரணம் யாது?
2. இரண்டாவது இதயத்தின் துடிப்புக் குறைந்தமையிலிருந்து பெறப்படும் முடிவு யாது?
3. இதயச் சாற்றில் இருந்தது ஒரு நொதியம் எனக் கருத உதவிய அவதானம் எது?
4. எசரின் சேர்க்கப்பட்டபோது வேகசுப் பொருளின் விளைவு நீடித்தது ஏன்?
5. பீடைநாசினி நஞ்சேற்றத்தில் எச்சில் வடிதலை நொதியத்தின் தொழிற்பாட்டைக் கொண்டு விளக்குக.
6. எலியின் வியர்வைச் சுரப்பிக்குச் செல்லும் பரிவு நரம்பில், பிறந்த பின் ஏற்படும் மாற்றத்தை விபரிக்குக.

விடைக் குறிப்புகள்

1. அதற்குச் செய்தி நரம்பின் வழியாக வரவில்லை என்பதை உறுதிப்படுத்த.
2. முதலாவது இதயத்தின் கரைசலில், துடிப்பைக் குறைக்கும் இரசாயனப் பொருள் வெளியாகியிருந்தது.
3. வெப்பமாக்கிய சாறு வேகசுப் பொருளை அழிக்கும் திறனை இழந்தமை.
4. எசரின் நொதியத்தைத் தடுத்ததால் அசற்றைல்கோலின் உடைக்கப்படவில்லை.
5. கோலினெசுத்தரேசு தடுக்கப்படுவதால் அசற்றைல்கோலின் தேங்கி, உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தொடர்ந்து தூண்டும்.
6. முதலில் நோரதிரினலின் காணப்படும். ஏறத்தாழ மூன்று வாரங்களுள் அது மறைந்து, அசற்றைல்கோலினை ஆக்கும் நொதியம் தோன்றும். இம்மாற்றத்தைத் தூண்டுவது வியர்வைச் சுரப்பி.

விடை எழுதும்போது அவதானத்தையும் முடிவையும் தனித்தனி வசனங்களாக எழுதப் பழகுங்கள். துடிப்புக் குறைந்தது என்பது அவதானம். இரசாயனப் பொருள் வெளியாகியது என்பது முடிவு. இரண்டையும் பிரித்தறிபவர், தாம் முன்னர் காணாத வினா வந்தாலும் தடுமாறமாட்டார்.